ஸ்க்ரீன் ஷேர் பண்ணுங்க அக்கா என்றான், பண்ணினேன். 4,880 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போச்சு

நடந்து நான்கு நாள் ஆகிறது. ஆத்திரம் அடங்கியதும் எழுதலாம் என்று பார்த்தேன், அடங்குகிற மாதிரி தெரியவில்லை. அதனால் இப்போதே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் மீட்டிங்கில் எப்படிப் பத்திரமாக இருப்பது என்று கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நான் கோலாலம்பூரில், செந்தூலில் இருக்கிறேன். சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவதுதான் வேலை. மூன்று பேர் சேர்ந்து செய்கிறோம். நான் இங்கே, ஒரு தம்பி பட்டர்வொர்த்தில், ஓர் அக்கா ஈப்போவில். ஆபீஸ் என்று ஒன்று கிடையாது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வேறு வழியில்லாமல் மீட்டிங் செயலிகளைப் பிடித்தோம். வாடகை மிச்சம், டோல் மிச்சம் என்று அப்படியே பழகிவிட்டது.

எங்கள் வேலை எப்படி என்றால், நான் எக்செல் ஃபைலைத் திறந்து திரையைப் பகிர்வேன். தம்பி அங்கிருந்து கன்ட்ரோல் கேட்பான். என் திரையில் ஒரு பெட்டி வரும், அனுமதி என்று அழுத்துவேன். அவன் பட்டர்வொர்த்தில் உட்கார்ந்துகொண்டு என் லேப்டாப்பில் ஃபார்முலாவைத் திருத்துவான். நான் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவேன். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை இது நடக்கும். அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்துப் பல வருடம் ஆகிவிட்டது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2024 ஆகஸ்டில் இ-இன்வாய்ஸ், அதாவது வரித்துறை வழியாக மின்னணுவில் பில் போடுகிற முறை, கட்டம் கட்டமாக ஆரம்பித்ததிலிருந்து மீட்டிங் இன்னும் கூடிப்போனது. அதற்கான வரித்துறைத் தளமான மைஇன்வாய்ஸ் போர்டலில் எங்கே என்ன அழுத்துவது என்று ஒவ்வொரு கடைக்காரருக்கும் திரையைக் காட்டித்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஜூமில் இலவசக் கணக்கென்றால் 40 நிமிடத்தில் துண்டித்துவிடும். கூகுள் மீட்டில் மூன்று பேர் சேர்ந்துவிட்டாலே 60 நிமிடம்தான். கடைக்காரர் பாஸ்வேர்டைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கே அரை மணி நேரம் போய்விடும்! அதனால் காசு கட்டி ஒரு கணக்கு வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். மீட்டிங்கை நடத்துகிறவருக்கு மட்டும் கட்டணக் கணக்கு இருந்தால் போதும், மற்றவர்கள் சும்மா சேரலாம்.

இங்கேதான் என் புத்தி போனது. நேராகச் செயலியின் சொந்தப் பக்கத்தில் வாங்கியிருக்கலாம். நான் ஒரு சமூக வலைத்தளச் சந்தையில் விளம்பரம் பார்த்தேன். ஒரு வருடத்துக்கு 180 வெள்ளி. அசல் விலையில் பாதிகூட இல்லை. கீழே மஞ்சள் எழுத்தில் "தமிழில் உதவி உண்டு" என்று இருந்தது. அந்த மூன்று வார்த்தைதான் என்னை இழுத்தது. எங்கள் ஆள், நமக்குப் புரிகிற மாதிரி சொல்வான் என்று நினைத்தேன். 180 வெள்ளி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் லாகின் வந்தது, வேலையும் செய்தது. இரண்டு நாள்.

மூன்றாம் நாள் காலை ஒரு நகைப் பட்டறைக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும்போது 40-ஆவது நிமிடத்தில் மீட்டிங் அறுந்தது. கணக்கு மறுபடி இலவசமாகிவிட்டது. உடனே அவனுக்கு வாட்ஸ்அப் போட்டேன். ஒரு நிமிடத்தில் பதில். "சாரி அக்கா, லைசென்ஸ்ல சின்னப் பிரச்சினை. நானே உள்ள வந்து சரி பண்ணித் தரேன் லா. லிங்க் அனுப்புறேன்."

லிங்கை அழுத்தி மீட்டிங்கில் சேர்ந்தேன். குரல் அவ்வளவு பணிவு. கேமராவைத் திறக்கவில்லை, நெட் மெதுவாக இருக்கிறது என்றான். நான் எப்போதும் தேவையான விண்டோவை மட்டும்தான் பகிர்வேன். முன்பு ஒருமுறை ஒரு கடையின் சம்பளப் பட்டியல் இன்னொரு கடைக்காரர் கண்ணில் பட்டு அசிங்கமாகிப்போனது, அன்றிலிருந்து அது எங்கள் மூன்று பேருக்கும் சட்டம். சட்டம் போட்டவளே நான்தான். அவன் "டெஸ்க்டாப் முழுசா ஷேர் பண்ணுங்க அக்கா, செட்டிங்ஸ் பாக்கணும்" என்றான். பண்ணினேன். கன்ட்ரோல் கேட்டான். பெட்டி வந்தது. பட்டர்வொர்த் தம்பிக்கு அழுத்துகிற மாதிரியே அழுத்தினேன்.

பத்து நிமிடம் நிஜமாகவே என்னென்னவோ செய்தான். செட்டிங்ஸைத் திறந்தான், மூடினான், மறுபடி இன்ஸ்டால் செய்தான். "அக்கா கணக்கு வேலையா பாக்குறீங்க? எங்க அம்மாவும் கடை வெச்சிருந்தாங்க" என்று பேச்சு வேறு. நானும் பேசினேன். பிறகு பெருமூச்சு விட்டு, "சரியா வரல அக்கா. உங்க காசு எனக்கு வேணாம். 180 வெள்ளியத் திருப்பிப் போட்டுடுறேன். பேங்க்கத் திறந்து வெச்சிருங்க, வந்துச்சான்னு ரெண்டு பேரும் பாத்துடலாம்" என்றான்.

காசு எனக்கு வேண்டாம் என்கிறவனை எப்படிச் சந்தேகப்படுவது? லேப்டாப்பில் வங்கிப் பக்கத்தைத் திறந்தேன். பாதுகாப்புப் படம் வந்தது, அதை அவனும் பார்த்தான். மீதித் தொகையையும் பார்த்தான், ஒரு நாள் வரம்பு 5,000 வெள்ளி என்பதையும் பார்த்தான். போனில் வங்கிச் செயலியைத் திறந்து திரையைப் பகிர்ந்தால் பல வங்கிகளுக்குக் கறுப்பாகத்தான் தெரியும். லேப்டாப் பிரௌசரில் அந்தப் பாதுகாப்பு கிடையாது, எல்லாம் பளிச்சென்று தெரியும்.

நோட்பேடைத் திறந்து "ரீஃபண்ட் படிவம்" என்று தட்டி, என் பெயர், தொகை 180 என்று எழுதி, அதை இழுத்து வங்கிப் பக்கத்தின் பாதியை மறைத்தான். மௌஸ் அந்தப் பக்கம் போய் வந்தது. "எங்க கம்பெனி கணக்கை இதில சேக்கணும் அக்கா, அப்பத்தான் ரீஃபண்ட் உள்ள வரும். போன்ல ஒரு அப்ரூவ் வரும், அழுத்திடுங்க, நேரமாச்சுன்னா கேன்சல் ஆயிடும்." அதே நேரம் நகைப் பட்டறைக்காரர் வேறு போனில் அடித்துக்கொண்டிருந்தார். அப்ரூவ் வந்தது. தொகை அதிலேயே இருந்தது, 4,700 என்று. நான் பார்க்கவில்லை. அழுத்திவிட்டேன்.

கணக்கு எழுதிச் சாப்பிடுகிறவள் நான். காசு உள்ளே வருவதற்கு எந்த வங்கியும் அனுமதி கேட்காது, வெளியே போவதற்குத்தான் கேட்கும். இதை எத்தனை கடைக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்!

"சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோ அக்கா, அரை மணி நேரம் எதையும் மூடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். நானும் மூடாமல் உட்கார்ந்திருந்தேன், அந்த நோட்பேடைப் பார்த்துக்கொண்டு. அதை நகர்த்தியபோதுதான் கணக்கின் மீதித் தொகை தெரிந்தது. டூயிட்நவ் என்கிற உடனடிப் பணப் பரிமாற்றம் வழியாக 4,700 போயிருக்கிறது, முன்பு கொடுத்த 180-ஐயும் சேர்த்தால் 4,880 வெள்ளி. அதில் என் பங்கு மூன்றில் ஒன்றுதான். அந்த மாதம் மூன்று பேரும் பிரித்துக்கொள்ள வேண்டிய பணம் அது.

அவனுக்கு அடித்தேன். முதலில் "24 மணி நேரத்துல வந்துடும் அக்கா" என்று ஒரு வாய்ஸ் நோட். பிறகு அவன் படம் மறைந்தது. என் மெசேஜுக்கு ஒற்றை டிக்தான்.

பண மோசடிக்கான அரசு உதவி எண் 997-க்கு அடித்தேன், விவரம் எல்லாம் எழுதிக்கொண்டு உடனே போலீஸ் ரிப்போர்ட் செய்யச் சொன்னார்கள். வங்கிக்கு அடித்தேன். பாட்டு, பாட்டு, மறுபடி பாட்டு. எடுத்தவர் "சபார் யா, புவான்" (பொறுமையாக இருங்கள் அம்மா) என்றார். கடைசியில் சொன்னது இதுதான்: உங்கள் போனில் நீங்களே அனுமதி கொடுத்திருக்கிறீர்கள், விசாரணைக்கு அனுப்புகிறோம். மறுநாள் அடித்தால் வேறு ஆள், கதையை ஆதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நேற்று எடுத்தவர், ஏன் முன்பின் தெரியாதவருக்குத் திரையைக் காட்டினீர்கள் என்று கேட்டார். 4,880 வெள்ளியைத் தொலைத்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? அவர் கேட்டது சரிதான், அதனால்தான் இன்னும் எரிகிறது.

விளம்பரம் வந்த சந்தைத் தளத்துக்குப் புகார் போட்டேன், வாட்ஸ்அப் உரையாடலைப் படமெடுத்து எல்லாம் இணைத்து. இரண்டே நிமிடத்தில் இயந்திரப் பதில்: அந்த விளம்பரம் எங்கள் விதிகளை மீறவில்லை. மறுபரிசீலனை கேட்டேன், அதே பதில் மறுபடி வந்தது. தளத்துக்கு வெளியே நடந்த பணப் பரிமாற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று ஒரு வரி கூடுதலாக.

பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், சார்ஜன் நல்ல மனுஷர், பொறுமையாகக் கேட்டார். அந்தக் கணக்கு எண்ணை செமாக் மியூலில் போட்டுப் பார்த்தீர்களா என்றார். போலீஸ் நடத்துகிற தளம் அது, கணக்கு எண்ணையோ போன் எண்ணையோ போட்டால் ஏற்கெனவே புகார் இருக்கிறதா என்று காட்டும். அங்கேயே போட்டேன், இருந்தது. 180 வெள்ளி அனுப்புவதற்கு முன் அரை நிமிடம் செலவழித்திருந்தால்... சரி, விடுங்கள்.

தம்பியிடமும் ஈப்போ அக்காவிடமும் சொல்வதுதான் பெரிய பாடு. தம்பி "விடுங்கக்கா, பாத்துக்கலாம்" என்றான். அவனுக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்திருக்கிறது.

விளக்கமாகச் சொல்கிறேன் என்றேன். மத்தியானம் மறுபடி பாலாய் போக வேண்டும், ஸ்டேட்மென்ட் பிரிண்ட் எடுக்க வேண்டும், அதனால் அவசரமாக: முழுத் திரையைப் பகிராதீர்கள். மீட்டிங் ஓடும்போது வங்கிப் பக்கத்தைத் திறக்காதீர்கள், கூட இருப்பது கூடப்பிறந்தவராக இருந்தாலும். கன்ட்ரோலை வேலைக்கூட்டாளிக்கு மட்டும் கொடுங்கள், அவரும் முடித்ததும் பிடுங்கிக்கொள்ளுங்கள். ஏதாவது சரியில்லை என்று பட்டால் பகிர்வதை நிறுத்துங்கள், பொத்தான் கண்ணில் படாவிட்டால் வைஃபையைப் பிடுங்குங்கள். போனில் அப்ரூவ் வந்தால் தொகையை வாய்விட்டுப் படியுங்கள். பணம் போய்விட்டால் முதலில் 997, வாட்ஸ்அப்பில் அவனோடு சண்டை போடுவதெல்லாம் அப்புறம்.

நேற்றிரவு ஈப்போ அக்கா ஒரு படம் அனுப்பினார். அதே விளம்பரம், வேறு பக்கப் பெயரில். நீலப் பின்னணி, ஹெட்செட் மாட்டிய பெண், கீழே மஞ்சள் எழுத்தில் "தமிழில் உதவி உண்டு". விலை மட்டும் 150 வெள்ளி ஆகியிருக்கிறது.