மூச்சு வாங்குகிறவர்களுக்கு ரோலேட்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

நாலு சக்கரம், நடுவில் உட்காரப் பலகை, கைப்பிடியில் பிரேக். மூட்டு வலிக்காரர்களுக்கான சாமான் என்றே பலரும் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கி அடைபடும் நாள்பட்ட நோய்), நுரையீரல் தழும்பு நோய் என்று நாலு எட்டு வைத்தாலே இளைப்பு வருகிறவர்களுக்கு இதன் பயன் மூச்சில்தான் தெரியும்.

கைப்பிடியில் பாரத்தை ஊன்றிக் கொஞ்சம் முன்சாய்ந்தால் தோள்கள் நிலையாகிவிடும். கையைத் தாங்கும் வேலை குறைவதால் கழுத்து, மார்புத் தசைகள் விலா எலும்பைத் தூக்க உதவிக்கு வருகின்றன. கடையில் தள்ளுவண்டியைப் பிடித்து நடக்கும்போது இவர்களில் பலருக்கு மூச்சு லேசாவதும் இதனால்தான். சக்கரமே இல்லாத வாக்கர் இதற்கு நேர்மாறு. ஒவ்வோர் அடிக்கும் தூக்கித் தூக்கி வைப்பதிலேயே மூச்சு தீர்ந்துவிடும். இளைப்புக்காக அதை வாங்காதீர்கள்.

ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்க்கும் நடைச் சோதனையில் 300 மீட்டரைத் தொடாதவர்கள், நடுவில் நின்று நின்று போகிறவர்கள், இவர்களுக்குத்தான் ரோலேட்டரால் கூடுதல் பலன். இளைப்பில்லாமல் அரை மணி நேரம் நடப்பவருக்கு இது வெறும் சுமை.

கைப்பிடி உயரத்தில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, அங்கே கைப்பிடி இருக்க வேண்டும். அதைவிட உயர்ந்தால் தோள் காதை நோக்கி ஏறி மூச்சு இன்னும் திணறும். மிகவும் தாழ்ந்தால் வயிறு மடங்கி, மூச்சை இழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானத்துக்கு இடமிருக்காது.

பிரேக்கைக் கடையிலேயே சோதியுங்கள். பிரேக் பிடியைக் கீழே அழுத்திப் பூட்டிவிட்டு இரண்டு கையாலும் தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருண்டால் கேபிள் தளர்ந்திருக்கிறது. கேபிள் முனையிலுள்ள சின்னத் திருகை அரைச் சுற்று திருப்பினால் இறுகும். அளவுக்கு மேல் இறுக்கினால் பிரேக் கட்டை டயரை உரசிக்கொண்டே வரும். இளைப்புக்காரருக்கு அந்தச் சிறு இழுவையும் மலைதான். டயர் தேய்ந்துபோனால் கேபிளை எவ்வளவு இறுக்கினாலும் கட்டை பிடிக்காது.

பலகையில் உட்காருவதற்கும் முறை இருக்கிறது. இரண்டு பிரேக்கையும் பூட்டி, முடிந்தால் வண்டியைச் சுவரோடு அணைத்து நிறுத்துங்கள். திரும்பி, காலின் பின்பக்கம் பலகையில் படுவதை உணர்ந்த பிறகே உட்காருங்கள். உட்கார்ந்ததும் முன்கைகளைத் தொடையில் ஊன்றி, உதட்டைக் குவித்து, மூச்சை இழுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுத்து வெளியே விடுங்கள். முழுக்க இளைத்த பிறகு உட்காருவதைவிட, இளைப்புக்கு நீங்களே 10-க்கு மதிப்பெண் போட்டால் 3, 4 என்று தோன்றும்போதே உட்கார்ந்தால் சீக்கிரம் எழுந்து நடக்கலாம். பாதம் தரையில் முழுதாகப் படியாத உயரமான பலகை வேண்டாம். ஆள் உட்கார்ந்திருக்க, பின்னாலிருந்து வண்டியைத் தள்ளவே கூடாது. இது சக்கர நாற்காலி இல்லை, கவிழ்ந்துவிடும்.

ஆக்சிஜன் சிலிண்டரைக் கைப்பிடியில் மாட்டினால் வண்டி ஒரு பக்கம் சாயும். பலகைக்குக் கீழே, நடுவில், பட்டையால் இறுகக் கட்டுங்கள். மீதிக் குழாயைச் சுருட்டி மேலே செருகாவிட்டால் முன்சக்கரம் அதை இழுத்துக்கொள்ளும்.

வெளியே நடக்க 20 சென்டிமீட்டர் சக்கரம் நல்லது. சின்னச் சக்கரம் நிலைப்படியிலும் கல்லிலும் மாட்டும். தனியாகக் காரில் ஏற்ற வேண்டியவர்கள் எடையையும் பார்க்க வேண்டும். 10 கிலோ இரும்பு வண்டியைத் தூக்குவதிலேயே நடந்து மிச்சம் பிடித்த மூச்செல்லாம் போய்விடும். அலுமினியமே மேல். தூக்கும் நொடியில் மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள்.

மாடிப்படிக்கு இது உதவாது. நடக்கையில் தடுமாறி விழுகிறவர்களிடமிருந்து வண்டி முன்னால் ஓடிவிடும் என்பதால், அவர்கள் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டே வாங்க வேண்டும். மாதம் ஒருமுறை சக்கர அச்சில் சுற்றிய முடியையும் நூலையும் எடுத்துவிடுங்கள். வண்டி கனமாக உருள்வதற்குப் பல நேரம் அதுவே காரணம்.