நெற்றியோரம் உதிர்ந்த முடியும் சத்துவாச்சாரித் தோல் மருத்துவமனையும்

காட்பாடியில் ஓர் அழகு நிலையத்தில் செயற்கை முடி சேர்த்து இழுத்துப் பின்னியதாலும், அடுத்தடுத்து முடியை நேராக்கியதாலும் என் தங்கைக்கு நெற்றியோரத்தில் முடி உதிர்ந்துவிட்டது. வலிக்கிறது என்று அவள் சொன்னபோதே பின்னலைத் தளர்த்தியிருக்க வேண்டும். சத்துவாச்சாரியில் நாங்கள் அணுகிய தோல் மருத்துவர், உருப்பெருக்கிக் கருவியால் பார்த்துவிட்டு, மயிர்க்கால்கள் இன்னும் தழும்பாக மாறாததால் முடி மீண்டும் வளர வாய்ப்பு உண்டு என்றும், தழும்பாகிவிட்டால் எந்தத் தைலமும் பயன்படாது என்றும் பொறுமையாக விளக்கினார். இறுக்கமான பின்னலை நிறுத்தி, மினாக்சிடில் என்ற முடி வளர்ச்சி மருந்தைத் தடவிய 4 மாதங்களில் பூனைமுடி தென்பட்டது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. மட்டுமே வளரும் என்பதால் அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது. கட்டணம் நியாயமானது, ஆனால், வேலூர் வெயிலில் 2 மணி நேரக் காத்திருப்புதான் கொடுமை.