ஸ்டீல் அடுப்பா, கண்ணாடி அடுப்பா?

கடைக்குள் நுழைந்ததும் கண் போவது கண்ணாடி அடுப்பின் மேல்தான். கறுப்புப் பளபளப்பு, மேலே எரிகிற விளக்கு அப்படியே அதில் தெரியும். பக்கத்திலேயே இருக்கிற எவர்சில்வர் அடுப்பு அம்மா காலத்துச் சாமான் மாதிரி ஒதுங்கி நிற்கும். ஒன்பது வருஷம் கண்ணாடி அடுப்பில் சமைத்துவிட்டு, போன வருஷம் ஸ்டீலுக்குத் திரும்பியவள் நான். இரண்டிலும் தினம் இரண்டு வேளை நின்றிருக்கிறேன்.

முதலில் ஒரு தப்பான பேச்சைத் தள்ளிவிடலாம். "கண்ணாடி அடுப்புன்னா கேஸ் மிச்சமாகும்" என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். கேஸைக் குடிப்பதும் மிச்சம் பிடிப்பதும் பர்னர்தான், மேல்தட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வீட்டு கேஸ் அடுப்புக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 4246. அதன்படி வெப்பத்திறன், அதாவது கேஸின் சூட்டில் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும் பங்கு, 68 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. மேலே கண்ணாடி இருந்தாலும் தகடு இருந்தாலும் அதே விதிதான். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் இந்தப் பேச்சு முடிந்தது.

உண்மையான வித்தியாசம் தெரிவது பொங்கி வழியும்போது. நம் சமையலில் வழியாத நாளே கிடையாது. குக்கரில் பருப்பு வைத்தால் மூன்றாவது விசிலோடு மஞ்சள் தண்ணீர் சிதறும். பால் பொங்கும். ரசம் நுரைகட்டி இறங்கும். கண்ணாடியில் இதெல்லாம் ஒரு ஈரத்துணிக்கு அடங்கிவிடும். தட்டு ஒரே சமமாக இருப்பதால் அழுக்கு ஒளிய இடமில்லை. வெள்ளிக்கிழமை துடைத்துவிட்டுக் கோலம் போட்டால், கறுப்பில் வெள்ளைக் கோடு எடுப்பாகத் தெரியும். அந்த அழகை இப்போதும் நான் தேடுகிறேன்.

ஆனால் அந்த ஈரத்துணியை எப்போது வைக்கிறோம் என்பதில்தான் சிக்கல். கொதித்த தட்டில் குளிர்ந்த துணியை வைக்கக் கூடாது, ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டும். காலையில் பள்ளிக்கூட வேன் வருவதற்குள் இரண்டு டிபன் பாக்ஸ் கட்டுகிற வீட்டில் யார் காத்திருப்பது? காத்திருந்தால் பால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். சபீனாவும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் துடைத்த பிறகும் வெள்ளைத் திட்டுகள் மிஞ்சும். எலுமிச்சைத் தோலால் தேய்த்தால் அது போய்விடும், ஆனால் அது தினப்படி வேலையாகிவிடும். ஸ்டீலிலும் அந்தத் திட்டு விழத்தான் செய்யும், கண்ணில் படுவது குறைவு.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: கண்ணாடி வெடிக்குமா? வெடிக்கும். அக்கா வீட்டில் வெடித்தது. மத்தியானம், சமையல் முடிந்து அடுப்பை அணைத்து அரைமணி நேரம் இருக்கும். எல்லோரும் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அணுகுண்டு வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மேடை, தரை, மிச்சமிருந்த சாம்பார் எல்லாவற்றிலும் கற்கண்டு உடைத்துக் கொட்டினாற்போல் கண்ணாடி. யாருக்கும் அடிபடவில்லை. அந்தச் சாம்பாரையும் பொரியலையும் அப்படியே கொட்டினோம். அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு வாரம் வரை துண்டுகள் வந்துகொண்டே இருந்தன.

காரணம் அந்தக் கண்ணாடியின் பக்குவத்திலேயே இருக்கிறது. அதை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சி, காற்றை வீசிச் சட்டென்று ஆற வைக்கிறார்கள். வெளிப்பக்கம் முதலில் இறுகிவிடும். உள்பக்கம் பிறகு ஆறிச் சுருங்கும்போது வெளிப்பக்கத்தை இழுத்து இன்னும் இறுக்கும். அந்த இறுக்கம்தான் அதன் பலம், சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு தாங்கும். ஆனால் எங்காவது ஓரிடத்தில் அந்த இறுக்கம் அறுந்தால் தட்டு முழுவதும் ஒரே நொடியில் பொடிப்பொடியாகிவிடும். விளிம்புதான் அதன் உயிர்நிலை. குக்கர் மூடி இடித்து ஓரத்தில் அரிசியளவு சில்லு போயிருந்தாலும், வெடிப்பு பல மாதம் கழித்து வரலாம். கண்ணாடி வார்க்கும்போதே உள்ளே தங்கிவிடும் நிக்கல் சல்பைடு துகள் பிறகு விரிந்து வெடிக்க வைப்பதும் உண்டு. அப்படி நடந்தால் வீட்டுக்காரர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

அகலமான தோசைக்கல் இன்னொரு வில்லங்கம். பன்னிரண்டு அங்குல இரும்புக் கல்லைப் போட்டு நாற்பது தோசை சுட்டால், சூடு மேலே போக வழியில்லாமல் கல்லுக்கு அடியில் தேங்கிக் கண்ணாடியைத்தான் தாக்கும். நடுவில் கல்லில் தண்ணீர் தெளிப்போம், நாலு சொட்டு அந்தக் கண்ணாடியிலும் விழும். தீபாவளிக்கு முறுக்குச் சட்டியை மணிக்கணக்கில் ஏற்றினாலும் இதே கதைதான்.

ஸ்டீல் இந்தத் தொல்லை எதையும் தராது. இடித்தால் நசுங்கும், அவ்வளவுதான். பர்னரைச் சுற்றி மஞ்சளும் நீலமுமாகக் கறை படியும். அது சூட்டில் மேற்பரப்பின் ஆக்ஸைடு படலம் தடிப்பதால் வருவது, கெடுதல் இல்லை. உண்மையான எதிரி உப்பு. புளிக்குழம்பு வழிந்ததை ராத்திரி முழுக்க விட்டுவிட்டால் ஊசி குத்தினாற்போல் பழுப்புப் புள்ளிகள் விழும், பிறகு போகாது. மேல்தட்டு பளிச்சென்று இருந்தாலும் அடியில் தாங்கும் பட்டைகள் சாதா இரும்பாக இருந்தால் துருப்பிடிக்கும். வாங்கும்போது கவிழ்த்துப் பார்ப்பது நல்லது.

கடையில் காந்தம் வைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உசத்தி என்று கணக்கு. அது முழுச் சரியில்லை. எவர்சில்வர் ரகங்களை எண் வைத்துச் சொல்வார்கள். 430 ரகத்தில் காந்தம் ஒட்டும், ஆனாலும் அது எவர்சில்வர்தான். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 202 ரகத்தில் அநேகமாக ஒட்டாது, ஆனால் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304 அளவுக்கு அது துருவைத் தாங்காது. எந்த ரகம் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். தகட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தகர டப்பா மாதிரி உள்வாங்கிச் சத்தம் போட்டால் வேண்டாம், பெரிய பாத்திரம் வைத்தால் ஆடும்.

புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர், ஒரு வேளைச் சமையல், சின்னக் குக்கர் என்றால் கண்ணாடி தாராளமாக வாங்கலாம். 8 மில்லிமீட்டர் கனமா என்று கேளுங்கள். உத்தரவாத அட்டையில் கண்ணாடிக்குத் தனியாக என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். அக்காவுக்கு அந்த மாடல் கண்ணாடி கிடைக்காமல் அடுப்பையே மாற்ற வேண்டி வந்தது. மாமியார், பிள்ளைகள், வாரம் இரண்டு நாள் மாவு, பண்டிகைக்குப் பலகாரம் என்று ஓடுகிற வீட்டுக்கு என் ஓட்டு ஸ்டீலுக்குத்தான்.

எதை வாங்கினாலும், கிளம்பும் முன் தோசைக்கல்லையும் பெரிய குக்கரையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். மூன்று பர்னர் அடுப்பு என்று ஆசையாக வாங்கி வந்து, இரண்டு பாத்திரத்துக்கு மேல் வைக்க முடியாமல் தவிக்கிற வீடுகள் எங்கள் தெருவிலேயே மூன்று இருக்கின்றன.