எடைக் கணக்குக்கு எந்த முத்திரை?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தின் எடைக் கணக்கு என் நிரலில் ஓடுகிறது. லாரி எடைமேடையில் ஏறும், தோட்டத்து எழுத்தரான கிராணி எண்ணைத் தட்டுவார், மாலையில் பட்டியல் குத்தகையாளருக்குப் போகும். ஒருமுறை 8.42 டன் என்று போன வரி 8.24 ஆகித் திரும்பியது. எந்தக் கை பட்டதோ! அன்றுதான், கோப்பு நடுவழியில் மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் மின்னொப்பம் தேட ஆரம்பித்தேன். ஒப்பமிடவும், பிறர் படிக்க முடியாதபடி கோப்பைப் பூட்டவும் (மறையாக்கம்) வேண்டிய கணிதத்தை நாமே எழுதுவது வினையை விலைக்கு வாங்குவது. வெளிக் கருவியை நிரலிலிருந்து அழைப்பதே நல்லது.

ஜிபிஜி என்ற கருவியின் 1.0 பதிப்பு 1999இல் வந்தது. ஒப்பம், மறையாக்கம் இரண்டும் செய்யும். ஆனால் மனிதரோடு பேசிப் பழகிய கருவி. முதல் இரவே கடவுச்சொல் கேட்டுவிட்டு, பதில் சொல்ல ஆளில்லாமல் விடியும்வரை நின்றது. அது திரையில் காட்டும் 'குட் சிக்னேச்சர்' என்ற சொல்லைத் தேடிச் சரிபார்த்தேன். கணினியின் மொழியை மாற்றினால் அந்தச் சொல்லும் மாறிவிடும். நிரல் படிப்பதற்கென்றே 'ஸ்டேட்டஸ்-எஃப்டி' என்ற விருப்பத்தின் வழியாகத் தனி வரிகள் வருகின்றன. அவற்றில் 'வேலிட்சிக்' வரியிலுள்ள கைரேகையையும், அதாவது ஒப்பமிட்ட சாவியின் அடையாள எண்ணையும், நமக்குத் தெரிந்த சாவியின் கைரேகையோடு ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் சாவிக்கொத்தில் இருக்கும் எவர் ஒப்பமும் செல்லும்.

மினிசைன் என்ற கருவி ஒப்பம் மட்டும் இடும். ஒப்பத்தைச் சரிபார்க்க எவருக்கும் கொடுக்கக்கூடிய பொதுச் சாவி ஒற்றை வரி. அட்டையில் எழுதி எடைமேடை அறையில் ஒட்டியிருக்கிறேன். ஒப்பத்தோடு பிணைந்த குறிப்பு வரி ஒன்று உண்டு. லாரி எண்ணும் தேதியும் அதில் போகின்றன. அதைத் திருத்தினாலும் சரிபார்ப்பு தோற்கும். ஒப்பக் கோப்பின் முதல் வரியிலும் ஒரு குறிப்பு இருக்கிறது, அதற்கு அந்தக் காப்பு இல்லை. நான் முதலில் எழுதியது அங்கேதான்!

சம்பளப் பட்டியலைப் பிறர் கண்ணில் படாமல் மறைக்க, மறையாக்கம் மட்டும் செய்யும் ஏஜ் என்ற கருவி போதும். ஆனால் பொதுச் சாவி தெரிந்த எவரும் அதில் பூட்டி அனுப்பலாம். அனுப்பியவர் யார் என்று அது சொல்லாது.

ஓபன்எஸ்எஸ்எல் என்ற கருவித்தொகுப்பின் 'என்க்' என்ற மறையாக்கக் கட்டளையை இதற்கு எடுக்காதீர்கள். பூட்டிய கோப்பில் யாராவது கைவைத்திருந்தால் அது உறுதியாகக் காட்டிக்கொடுக்காது. மலேசியாவின் 1997ஆம் ஆண்டு மின்னொப்பச் சட்டப்படி உரிமம் பெற்ற நிறுவனத்தின் சான்றிதழ் தேவைப்படும் இடத்தில் மட்டும் ஓபன்எஸ்எஸ்எல் பக்கம் போவேன்.

எடைக்கு மினிசைன், சம்பளத்துக்கு ஏஜ் என்று வைத்துக்கொண்டேன். ஒப்பச் சாவியின் கடவுச்சொல்லை மாலைதோறும் கிராணியே தட்டுகிறார். "தம்பி, அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்" என்று என்னிடமே சொல்கிறார்.