அல்சூர் மாமாவுக்கு இல்லம் தேடிய கதை

இந்த முறை பெங்களூரில் இருந்த மூன்று வாரத்தில் பாதி, முதியோர் இல்லம் பார்ப்பதிலேயே போனது. மாமாவுக்கு 76 வயது, மறதி நோயின் ஆரம்பக் கட்டம். அவரும், நாங்கள் சின்ன வயதிலிருந்து 'ஃபிரெண்ட் மாமா' என்று கூப்பிடுபவரும் அல்சூரில் 31 வருடமாக ஒரே வீடு. குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

முதலில் பார்த்தது ஒயிட்ஃபீல்டு பக்கம். லிஃப்ட், தோட்டம், மதியச் சாம்பார் எல்லாம் பிரமாதம். இருவர் அறை கேட்டதும் மேலாளர் "தாராளமா" என்றார். இரண்டு ஆண்கள் ஒரே அறையில் இருப்பது இங்கே யாரையும் உறுத்தாது, உறவு என்னவென்று சொல்லாதவரை.

சிக்கல் படிவத்தில் வந்தது. அவசரத்துக்குக் கூப்பிட ரத்த உறவுதான் வேண்டுமாம். டொராண்டோவில் இருக்கும் என் கையெழுத்து போதுமாம்! நடுராத்திரி போன் வந்தால் நான் எந்த விமானத்தைப் பிடிப்பது? பக்கத்தில் ஃபிரெண்ட் மாமா, ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்துவிட்டு, மீதியை அட்டைக்குள் மடித்து வைத்துக்கொண்டிருந்தார். படிவத்தில் அவருக்கு இடமில்லை.

தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் சட்டப்பிரிவின் பிடி 2018-ல் போனது. 2023-ல் திருமண உரிமை தர உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சரி, இருப்பதை வைத்துச் செய்வோம் என்று இறங்கினோம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அந்தச் சிகிச்சை விஷயங்களுக்கு வயது வந்த யாரையும் பிரதிநிதியாக நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், ரத்த உறவாக இருக்கத் தேவையில்லை. மாமா தெளிவாக இருந்த ஒரு காலையில் எழுதி வாங்கினோம். அப்புறம் வங்கி. தன்பாலின இணையர் கூட்டுக் கணக்கு தொடங்கவும் நாமினி போடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் சொல்லியிருப்பதால் அதுவும் முடிந்தது.

டொராண்டோ மாநகராட்சி தன் இல்லங்களுக்காக 2008-லேயே, இப்படித் தன்பாலின உறவில் வாழும் முதியோரைப் பராமரிப்பதற்கென்று ஒரு வழிகாட்டி போட்டது. இங்கே வானவில் கொடியெல்லாம் நான் கேட்கவில்லை. "உங்களுக்கு யார் முக்கியம்?" என்று சேரும்போதே கேட்கட்டும், பதிலை ஊழியர்கள் வம்பாக்காமல் இருக்கட்டும்.

இரண்டாவது இல்லத்தின் மேலாளர் சேலத்துக்காரர். 'உறவுமுறை' கட்டத்தில் மாமாவே பேனாவை வாங்கி 'வீட்டுக்காரர்' என்று எழுதினார்.

"ஹவுஸ் ஓனரா சார்?"

"ஆமா. 31 வருஷமா காலி பண்ணச் சொல்லலை."

மேலாளர் ஒரு நொடி இருவரையும் பார்த்தார். "அவர் நம்பரைச் சொல்லுங்க, முதல்ல அதைப் போட்டுக்கறேன்" என்றார்.