கில்ட், சுலு, லோஞ்ஜி, வேட்டி: அன்றாடம் உடுத்த எது ஏற்றது?

2017 ஜூன் மாதம் பிரான்சின் நாந்த் நகரத்தில் பஸ் ஓட்டுநர்கள் சிலர் பாவாடை உடுத்திக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். கடும் வெயில். அரைக்கால் சட்டைக்கு அனுமதி கிடையாது. பெண் ஓட்டுநர்கள் மட்டும் பாவாடை அணியலாம். அதே வாரம் இங்கிலாந்தின் எக்சிடர் நகரில் ஒரு பள்ளியின் மாணவர்களும் இதே காரணத்துக்காகப் பாவாடையில் வகுப்புக்குப் போனார்கள். இரு தரப்பும் கேட்டது அரைக்கால் சட்டையைத்தான். பாவாடை எதிர்ப்பைக் காட்ட மட்டுமே உதவியது. எனக்கு அதற்கு அடுத்த கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. இடுப்பிலிருந்து ஒரே துணியாக இறங்கும் உடையை, ஓர் ஆண் வருடம் முழுக்க, வேலைக்கும் கடைக்கும் பயணத்துக்கும் உடுத்த விரும்பினால் எதைத் தேர்ந்தெடுப்பது?

அழகை ஒரு பக்கம் வைத்துவிடுகிறேன். அது அவரவர் கண்ணைப் பொறுத்தது. இடுப்பில் நிற்கிறதா, கைப்பேசியும் பணமும் எங்கே போகும், படியேறினாலும் காற்றடித்தாலும் மானம் காக்குமா, வீட்டிலேயே துவைத்துப் போட முடியுமா என்பவைதான் தினசரி உடைக்கான கேள்விகள்.

முதலில் நினைவுக்கு வருவது ஸ்காட்லாந்தின் கில்ட். முழு அளவுக் கில்ட்டுக்கு எட்டு கஜம் கம்பளித் துணி வேண்டும். முன்பக்கம் மடிப்பே இல்லாத இரண்டு விரிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியும். துணியின் பெரும்பகுதி பின்பக்கக் கொசுவத்துக்கே போய்விடும். உள்விரிப்பை முதலில் இடப்பக்கம் இழுத்து, அதன் தோல்வாரை அங்கே விட்டிருக்கும் துளை வழியே வெளியே எடுத்துக் கொக்கியில் மாட்டுவார்கள். பிறகு மேல்விரிப்பு வலப்பக்கம் வந்து அங்குள்ள வார்களில் முடியும். தொப்புள் உயரத்தில் கட்டினால் முழங்காலோடு நிற்கும். இப்படிக் கட்டியது நழுவவே நழுவாது. கொசுவம் விரிந்து கொடுப்பதால் எவ்வளவு எட்டி வைத்தும் நடக்கலாம், மலையும் ஏறலாம். உட்காரும்போது மட்டும் கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொசுவத்தை நீவிவிட்டு உட்கார வேண்டும். அதன் எடையே காற்றுக்குக் காவல்.

அந்த எடைதான் அதன் குறையும். ஏறத்தாழ இரண்டு கிலோ கம்பளி. பை கிடையாது, அதற்காகத்தான் ஸ்போரன் என்ற தோல்பை முன்னால் தொங்குகிறது. கையால் தைத்த நல்ல கில்ட்டுக்குச் சில நூறு பவுண்டு கொடுக்க வேண்டும்; வீட்டு இயந்திரத்தில் போட்டுத் துவைக்கவும் முடியாது. முதல் உலகப் போரில் ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலேண்டைச் சேர்ந்த படைப்பிரிவுகள் கில்ட்டோடு பதுங்குகுழிக்குள் இறங்கின. கொசுவத்துக்குள் பேன் குடியேறியது. ஓரத்தில் ஒட்டிய சேறு குளிரில் உறைந்து முழங்கால் பின்புறத்தைக் கிழித்தது. இன்று யாரும் பதுங்குகுழியில் நிற்கப்போவதில்லை என்றாலும், மழையில் நனைந்த கம்பளி எப்படி இருக்கும் என்பதற்கு அது போதுமான சாட்சி.

ஆனால் கில்ட் அன்றாடத்திலிருந்து விலகியதற்கு எடையைவிட வரலாறுதான் பெரிய காரணம். ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மீண்டும் அரியணை ஏற்ற ஸ்காட்லாந்தில் எழுந்த 1745 கிளர்ச்சி தோற்றபின் 1746இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஹைலேண்டு உடையைத் தடைசெய்தது. முதல்முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுமுறை என்றால் ஏழாண்டு நாடுகடத்தல். படைவீரர்களுக்கு மட்டும் விலக்கு. 1782இல் தடை நீங்கியபோது ஒரு தலைமுறையே அதை உடுத்தாமல் வளர்ந்திருந்தது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது எழுத்தாளர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய கோலாகலத்தில் கில்ட் மீண்டும் கொடிகட்டிப் பறந்தது, ஆனால் விழா உடையாக. இன்றும் அதைப் பெரும்பாலும் திருமணத்திலும் பட்டமளிப்பிலும் கால்பந்துக் கூட்டத்திலும்தான் பார்க்க முடிகிறது.

இந்தக் குறைகளைத் தீர்க்க அமெரிக்காவில் ஒரு முயற்சி நடந்தது. 2000இல் சியாட்டில் நகரில் தொடங்கிய யூட்டிலிகில்ட்ஸ் நிறுவனம் கம்பளியை விட்டுக் கெட்டியான பருத்தித் துணியில், இருபுறமும் பெரிய பைகளோடு, அழுத்துப் பொத்தான் வைத்துத் தைத்தது. இயந்திரத்தில் துவைக்கலாம், சுத்தியலும் ஆணியும் பையில் போட்டுக்கொண்டு தச்சுவேலை செய்யலாம். குளிர்நாட்டில் உடலுழைப்பு செய்பவருக்கு இதைத்தான் சொல்வேன். நமது வெயிலுக்கு அந்தத் துணி ஆகாது. அலுவலகத்துக்கும் அது பொருந்தவில்லை. எங்கே போனாலும் உடுத்தியவரைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

யாரும் திரும்பிப் பார்க்காத உடை வேண்டுமென்றால் மியான்மருக்குப் போக வேண்டும். அங்கே லோஞ்ஜியில் அமைச்சரும் இருப்பார், ஆசிரியரும் இருப்பார், மூட்டை தூக்குபவரும் இருப்பார். பள்ளிச் சீருடையே பச்சை லோஞ்ஜி. நம் கைலியைப் போல மூட்டிய துணிதான். இரண்டு பக்கமும் இழுத்து விரித்து, நடுவுக்குக் கொண்டுவந்து முறுக்கி, வயிற்றுக்கு நேரே முடிச்சிட்டுச் செருகிவிடுவார்கள். சின்லோன் என்ற பிரம்புப் பந்தாட்டம் ஆடும்போது கால்களுக்கிடையே இழுத்துப் பின்னால் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொள்வார்கள். காற்றோட்டத்துக்கும் துவைக்கும் சுலபத்துக்கும் இதை அடிக்க வேறு உடை இல்லை. ஆனால் பை இல்லாததால் கைப்பேசியை முதுகுப்புற இடுப்பில் செருக வேண்டியிருக்கிறது. முடிச்சும் நாள் முழுக்க நிற்பதில்லை. நடந்துகொண்டே அவிழ்த்து இறுக்கிக் கட்டுவது அங்கே யாருக்கும் கூச்சமான காரியமல்ல, ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

என் முதலிடம் பிஜியின் சுலுவுக்கு. சுலு வகதங்கா என்பது தையல்காரர் அளவெடுத்துத் தைக்கும் உடை. இடுப்புப் பட்டியும் கொக்கியும் உண்டு, பைகள் உண்டு, கெண்டைக்கால் வரை நேராக இறங்கும். சாம்பல் நிறக் கால்சட்டைத் துணியில் தைத்து, மேலே சட்டையும் டையும், காலில் தோல் செருப்புமாக வழக்கறிஞர்களும் குமாஸ்தாக்களும் வேலைக்குப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் அதே. காவலர்களின் சடங்கு உடையில் வெள்ளைச் சுலுவின் ஓரம் மட்டும் பல்பல்லாக வெட்டியிருக்கும். பக்கத்துச் சமோவாவிலும் பை வைத்துத் தைத்த இதுபோன்ற உடை இருக்கிறது. சுலு பழங்காலத்து உடையும் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மதத்தோடு டோங்கா வழியாக வந்து பரவியது. பிறகு அலுவலகமும் பள்ளியும் காவல்துறையும் அதை ஏற்றுக்கொண்டதால் ஊர் உடையாகவே ஆகிவிட்டது. விழாவுக்கென்று அதை ஒதுக்கிவைக்காததுதான் அதன் பலம். குறை ஒன்றுதான்: கொசுவம் இல்லாததால் கில்ட்டில் போல எட்டி நடக்க முடியாது, மோட்டார் சைக்கிளுக்கும் வசதிப்படாது.

வேட்டிக்கு வருகிறேன். கைலியில் வளர்ந்தவன் என்பதால் இதைச் சொல்ல வலிக்கிறது: வேட்டி கில்ட்டின் வழியிலேயே போய்க்கொண்டிருக்கிறது. 2014 ஜூலையில் வேட்டி கட்டி வந்ததற்காக உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனைச் சென்னையில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே, வேட்டிக்குத் தடை போட்டால் ஓராண்டு சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் என்று சட்டசபை சட்டம் இயற்றியது. நல்ல சட்டம். கதவு திறந்துவிட்டது, ஆனால் நகரத்து இளைஞர்கள் திருமணத்துக்கும் பொங்கலுக்கும்தான் கட்டுகிறார்கள். நாலு முழம் நடைக்கு இலகு, மடித்துக் கட்டினால் வண்டியும் ஓட்டலாம், விலையும் கைக்கு அடக்கம். ஆனால் வெள்ளை அழுக்கைத் தாங்காது, இடுப்பு பெல்ட்டை நம்பியிருக்கிறது. ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டி வந்தபிறகு நழுவும் பயம் தீர்ந்தது; பை வைத்ததும் கிடைக்கிறது. இருந்தும் அவற்றையும் விழாவுக்கான வெள்ளையிலேயே பெரும்பாலும் விற்கிறார்கள்.

கைலியின் நிலை இன்னும் மோசம். உடம்புக்கு அதைவிட இதமான உடை நம்மிடம் இல்லை. ஆனால் உழைப்பாளிகளின் உடை என்பதாலேயே அதை அலுவலக வாசலில் ஏளனமாகப் பார்க்கிறோம். ரங்கூனில் வங்கிக்குப் போகும் துணி, இங்கே தெருமுனைக் கடைக்கே தயங்கித் தயங்கிப் போகிறது. இதை நான் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

வீட்டுக்கும் இரவுக்கும் கைலி, மோட்டார் சைக்கிளில் சுற்றுபவருக்கு நாலு முழ வேட்டி, குளிர்நாட்டில் பட்டறை வேலைக்குப் பருத்திக் கில்ட், குடும்பத் திருமணத்துக்கு உங்கள் மரபின் உடை எதுவோ அது. அலுவலகத்துக்கு மட்டும் சுலுவின் வெட்டை இங்கே கொண்டுவரலாம். சென்னிமலை அல்லது பவானிக் கைத்தறியில் அடர்நீலமோ சாம்பலோ எடுத்து, பேன்ட் தைக்கும் தையல்காரரிடமே கொடுங்கள். இடுப்புப் பட்டி, உள்ளே ஒரு பொத்தான், வெளியே ஒரு கொக்கி, இருபுறமும் ஆழமான பை, மேல்மடிப்பு முன்பக்கம் முழுவதும் படியும் அகலம், உயரம் கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலே. துணியை முதலில் நனைத்துக் காயப்போட்டுவிட்டு அளவு கொடுங்கள்; கைத்தறி முதல் துவைப்பில் சுருங்கும்.