கேரவன் எடைக் கணக்கு: எல்லாம் தண்ணீர் படுத்தும் பாடு

விலை இறங்கியிருக்கிறதே, நீங்கள் வைத்திருக்கும் அதே கேரவன் மாடலை (காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வீட்டு வண்டி) பழையதாக வாங்கலாமா என்று மெல்பர்ன் நண்பர் கேட்டார். அவருக்குச் சொன்னதுதான் இது.

படுக்கை, சமையல் மேடை, ஏசி எதிலும் குறையில்லை. சேஸி கெட்டி, மழைக்கு ஒரு சொட்டு ஒழுகியதில்லை. என் எரிச்சலெல்லாம் எடைத் தகட்டின் மேல். டேர், அதாவது வெறும் வண்டியின் எடை, 2100 கிலோ; ஏடிஎம், அதாவது எல்லாம் ஏற்றியபின் தாண்டக்கூடாத மொத்த எடை, 2500. அப்படியானால் 400 கிலோ ஏற்றலாம் என்று விற்கிறவர் சிரித்துக்கொண்டே சொல்வார். 95 லிட்டர் தொட்டிகள் இரண்டையும் நிரப்பினால் 190 கிலோ அங்கேயே போச்சு. 9 கிலோ சிலிண்டர் இரண்டில் கேஸ் மட்டும் 18. டீலர் மாட்டிக்கொடுத்த இரண்டாவது பேட்டரியும் ஆனிங் என்ற வெயில் மறைப்புக் கூரையும் தகட்டில் உள்ள டேரில் சேரவே இல்லை, அது எடைமேடையில் ஏற்றியபோதுதான் தெரிந்தது. மிச்சத்தில்தான் நாற்காலி, துணிமணி, நான் விட்டுவர மறுக்கும் கிரைண்டர் எல்லாம்.

அதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். இதில் நல்ல தண்ணீர்த் தொட்டி இரண்டும் அச்சுக்கு முன்னால், கழிவுநீர்த் தொட்டி கடைசியில். கிளம்பும்போது, கேரவனைக் காரோடு மாட்டும் உருண்டையான டோ பால் மேல் 250 கிலோ, அதாவது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, ஆஸ்திரேலியாவில் பொதுவாகச் சொல்லும் அளவு. ஊர்கள் அரிதான நல்லர்போர் சமவெளிப் பக்கம் இரண்டு மூன்று நாள் குளித்து, பாத்திரம் கழுவி முடித்தால் முன்னால் இருந்த தண்ணீர் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். மொத்த எடை பெரிதாகக் குறையாது, டோ பால் பாரம் மட்டும் குறையும், அப்புறம் பல டிரெயிலர்களை இழுத்து வரும் ரோடு டிரெயின் லாரி ஒன்று எதிரே கடந்தால் போதும், பின்பக்கம் ஆடத் தொடங்கிவிடும். கழிவுநீரைக் கண்ட இடத்தில் திறந்துவிடவும் முடியாது. தகட்டில் இதற்கெல்லாம் எண் கிடையாது.

என் கார் 3500 கிலோ இழுக்குமே என்றார் நண்பர். லேண்ட் குரூசர் 300 சஹாரா, நன்றாகவே இழுக்கும். ஆனால் காருக்குள் ஏற்றலாம் என்று அனுமதித்த 650 கிலோவில்தான் டோ பால் பாரமும் சேரும். 3500 கிலோ கேரவனை மாட்டினால் 350 போய்விடும், மிச்சம் 300. ஐந்து பெரியவர்கள் உட்கார்ந்தாலே தாண்டிவிடும். இந்தக் கேரவனுக்கு அவ்வளவு இல்லை, 250தான், ஆனாலும் கணக்கு கணக்குதான்.

வாங்கலாமா என்றால், வேண்டாம். தொட்டிகள் அச்சுக்கு இரு பக்கமும் பிரிந்திருக்கும் வேறு மாடல் பாருங்கள். என்னுடையதை விற்கிறீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள், அடுத்த மாதம் பிளிண்டர்ஸ் ரேஞ்சஸ் மலைப்பக்கம் போகிறோம்.